வாயிற்காவலில் அகப்பட்ட காட்டான்

சென்ற மாதம் நம் வாசிப்பு வட்டத்தில், இளமையில் தம்மைக் கட்டிப்போட்ட முதல் புத்தகம் எது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என் முறை வந்தபோது நான் ஓர் அறநூலைச் சொன்னேன். எல்லாரும் மதிப்போடு தலையசைத்தீர்கள். கச்சிபௌலியில், பத்தொன்பதாம் மாடியில், அறுபதைக் கடந்த பதினொருவர் இஞ்சித் தேநீரோடு அமர்ந்திருக்கும் அறையில் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுத்திலாவது சொல்லிவிடுகிறேன். அந்த அறநூலை நான் முதன்முதலில் திறந்தது கல்லூரியில், தேர்வுக்காக. என்னைக் கட்டிப்போட்ட புத்தகம் வேறு. அதன் அட்டையில் ஒருவன் ஆளுயர வாளை ஓங்கியபடி, இடுப்பில் ஓர் ஓநாய்த் தோலை மட்டும் சுற்றிக்கொண்டு, பனிமலையின் உச்சியில் நின்றான். அவனுடைய காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கிடந்தாள். அவளுக்கும் துணிப் பஞ்சந்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பேகம்பேட்டில், விமான நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் இருந்த அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தோம். அப்பா வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். யார் கேட்டாலும் 'அலுவலகம்' என்போம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பெயரை எழுதக் கை வரவில்லை. அலுவலகம் என்றே இருக்கட்டும்.

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். எங்களுக்கு இடப்புறம் ஒரு தெலுங்குக் குடும்பம். அவ்வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். வலப்புறம் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த, தக்கணி உருது பேசும் குடும்பம். அந்த வலப்புற வீட்டுப் பெண்தான் என் தோழி. மூன்று வயதிலிருந்தே எங்கள் அடுக்களையில் பாதி நாளைக் கழித்தவள் ஆதலால், என் அம்மாவின் திருநெல்வேலித் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஆயினும் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்னும் தன் வீட்டுச் சொற்கள் மூன்றை மட்டும் அவள் எந்த மொழிக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கோடை விடுமுறையின் தொடக்கத்தில். அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிறுதோறும் பரப்பப்படும் பழைய புத்தகக் கடைகளில் ஒரு கணக்கு வழிகாட்டி வாங்க அண்ணன் போயிருந்தான். கடைக்காரர் மூன்று புத்தகங்களைச் சணற்கயிற்றால் கட்டி வைத்திருந்தார். பிரித்துத் தர மறுத்துவிட்டார். மேலே கணக்கு, கீழே வேதியியல், நடுவில் வாளோடு இவன். நடுவில் இருந்ததை அண்ணன் என்னிடம் எறிந்தான்.

அது ஆங்கில நாவல். வீரனுடைய பெயரில் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. எங்களில் ஒருவருக்கும் அதை உச்சரிக்க வரவில்லை. ஆகவே தலை வாராமல் சாப்பிட வரும்போதெல்லாம் அம்மா அண்ணனை எப்படி அழைப்பாளோ, அந்தப் பெயரையே அவனுக்கு வைத்தோம். காட்டான். அண்ணனுக்கு அதில் பெருமகிழ்ச்சி. தன் பெயர் ஒழிந்ததே என்று.

முன்னெச்சரிக்கையாக, பள்ளிப் புத்தகங்களுக்குப் போட்டு மிஞ்சியிருந்த பழுப்புத்தாளால் காட்டானுக்கு உறையிட்டேன். முன்பக்கம் ஒரு சீட்டை ஒட்டி, 'பொது அறிவு' என்று எழுதினேன்.

முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. எங்கும் இல்லாத ஒரு நாட்டின் மலைகள், ஆறுகள், கோட்டைகள், கணவாய்கள். நண்பர்களே, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக அந்நாளில் ஒரு பென்சில் வருமே, நினைவிருக்கிறதா? தணிக்கை செய்பவர்கள் கையில் இருக்கும். அப்பாவிடமிருந்து எனக்கு ஒன்று கிடைத்திருந்தது. காட்டான் போன வழியைச் சிவப்பாலும், பகைவர் இருந்த இடங்களை நீலத்தாலும் தீட்டினேன். மறந்துவிடாதபடி அங்கங்கே குறிப்பும் எழுதினேன். 'இங்கே நூறு வீரர்.' 'பாலம் உடைந்தது.' 'இங்கே காவல் குறைவு, இருட்டில் கடக்கலாம்.'

நண்பகலில் முன்னறையில் கூலரின் கீழே படுத்து, அகரமுதலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் படிப்பேன். நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் மணமும், இரும்புப் பெட்டிக்குள் நீர் சொட்டும் ஓசையும், தரையின் குளிர்ச்சியும் சேர்ந்து அந்தப் பனிமலையை எனக்கு நம்பத் தக்கதாக்கின. வெளியே நாற்பது பாகை வெயிலில் காகங்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு நீர்த்தொட்டி மேடையில் கதை. சிமெண்டுத் தளம் அதுவரை குடித்த வெயிலை அப்போதுதான் வெளிவிடத் தொடங்கும். அடிக்கொரு தரம் எழுந்து பாவாடையை மடித்துப் போட்டு உட்கார்வோம். தோழியும் இரட்டையரும் எதிரே. நான் தமிழில் சொல்லத் தோழி தக்கணியில் மாற்றிச் சொல்வாள். இரட்டையர் அதைத் தெலுங்கில் தமக்குள் வாதிட்டு முடித்துவிட்டு, "சரி, மேல சொல்லு" என்பார்கள். நடுவில் விமானம் தாழப் பறந்து போகும். அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் கேளாது. ஓங்கிய வாள் ஓங்கியபடியே, எதிரி வாய் பிளந்தபடியே, விமானம் தரை தொடும்வரை காத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் காட்டான் வெட்டிய தலைகளில் பாதி, விமான நிலையத்தின் இசைவு பெற்ற பின்னரே விழுந்தன.

தோழியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நான் ஏதேனும் ஓர் இடத்தைச் சொந்தமாக இட்டுக் கட்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"இது புஸ்தகத்துல இல்ல. நீயா விடுதே."

"உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"புஸ்தகத்துல உள்ளதைச் சொல்லும்போது நீ தட்டுத் தடுமாறுவே. விடும்போது கடகடன்னு வரும்."

அவள் சொன்னது சரி. ஆங்கிலத்திலிருந்து தமிழைத் தேடிப் பிடிக்கும்போது என் நாக்கு இடறியது. பொய்க்கு அந்தத் தடங்கல் இல்லை.

கதை இருநூற்று ஐம்பதாம் பக்கத்தை எட்டியபோது காட்டான், நிழல்களைப் பறிக்கும் மந்திரவாதியின் கோபுரத்து வாயிலில் நின்றான். ஏழு மாடிக் கோபுரம். உள்ளே நுழைகிறவன் தன் நிழலைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், மந்திரவாதி செத்தாலும் அது மீளாது. வெளியேறும்போது கதவு எண்ணும். இரண்டு காலுக்கு ஒரு நிழல் என்ற கணக்கு ஒத்தால்தான் திறக்கும். நிழலில்லாதவன் உள்ளேயே கிடந்து மடிய வேண்டியதுதான். காட்டான் இதையெல்லாம் அறிந்தும் நிழலைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். அத்தியாயம் முடிந்தது.

அன்று ஒருவருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. "கைக்கு குடுத்தான்? வெளிய எப்படி வருவான்?" என்று தோழி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் அவளுடைய தந்தைக்குப் புனேவுக்கு மாற்றல் ஆணை வந்தது. பதினாறாம் நாள், ஞாயிறு மாலை, வண்டி. நடுவண் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு மாற்றல் புதிதன்று. யாரும் அழவில்லை. தோழி விரல்விட்டு நாட்களை எண்ணினாள். நான் மிச்சமுள்ள பக்கங்களை எண்ணினேன். அறுபத்திரண்டு பக்கம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் மூன்று நாள் மிஞ்சும்.

"முடிவைச் சொல்லாம என்னைய அனுப்பிராதே," என்றாள். "அங்க போயி நான் யாரைக் கேப்பேன்?"

சொல்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாளே அகப்பட்டேன். படித்தபடி உறங்கிவிட்டேன், கூலர் இரவோடிரவாகச் சொட்ட வேண்டிய நீரையெல்லாம் அந்த ஒரு பகலில் புத்தகத்தின்மேல் சொட்டியது போலும். பழுப்புத்தாள் ஊறிக் கிழிந்து தனியே வந்துவிட்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த அப்பா, தலைமாட்டில் வெறும் உடம்போடு கிடந்த காட்டானைப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உரைநடையில் ஓர் ஒற்று மிகுந்தாலும் அவருக்கு உறக்கம் வராது. வீட்டில் ஆங்கிலச் சொல் உதிர்ந்தால் அதன் தமிழைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பேச்சில் மட்டும் ஊர்த் தமிழை விட்டதில்லை.

"என்னட்டி இது பொது அறிவு?"

"வீரன் கதைப்பா."

"வீரனுக்குச் சட்டை கிடையாதோ?"

"மலைநாடுப்பா. அங்ஙன அப்படித்தான்."

"மலைநாட்டுல குளிரும்லா. பின்னால பனி கிடக்கு. குளிருத ஊர்ல எவனாவது இப்படி நிப்பானா? வரைஞ்சவனுக்கு அதுகூடத் தெரியல, எழுதுனவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போவுது?"

அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டவன் வீரன் அல்லன். "பாவம், அந்தப் பிள்ள காலைப் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கு. அவளுக்கு என்ன கஷ்டமோ," என்றாள்.

அலுவலகத்தில் வேண்டாத தாள்களைக் குப்பையில் போட மாட்டார்கள். எல்லாவற்றையும் எரிக்க ஓர் உலை இருந்தது. "திங்கக்கிழமை கொண்டுபோயி உலையில போட்டிருதேன்," என்று அப்பா காட்டானைத் தம் தோள்பையில் வைத்துப் பூட்டினார்.

நான் கெஞ்சவில்லை. அவரிடம் கெஞ்சிப் பயன் கண்டவர் எங்கள் வீட்டில் இல்லை. மேடையில் மட்டும் முயன்று பார்த்தேன். காட்டான் முதல் மாடிக்கு ஏறினான், அங்கே ஒரு புலி, அதன் வாலைப் பிடித்து... என்று கடகடவென்று வந்தது. தோழி கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"நக்கோ. பொய் எனக்கு நக்கோ. புஸ்தகம் எங்க?"

சொன்னேன். அவள், "எரியுதப்போ அவன் கோபுரத்துக்கு உள்ளயா இருப்பான்?" என்று கேட்டாள். இரட்டையரில் இளையவன் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவன் தாய் வந்து முறையிட்டார்.

அடுத்த வாரம் அப்பாவிடம் சில மாறுதல்கள் தெரிந்தன. அன்று அவற்றை நான் எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. காலையில் அலுவலகப் பேருந்துக்கு வழக்கத்தைவிடக் கால்மணி முன்னதாகப் புறப்பட்டார். நெரிசலில் பின்னிருக்கை கிடைக்காது என்றார். அதுவரை அவர் எப்போதும் முன்னிருக்கைக்காரர். இருமுறை மாலையில் எங்கள் நிறுத்தத்தைக் கடந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தார். "கண் அசந்துட்டேன்" என்றார். அம்மா அவருக்கு இரும்புச்சத்துக் குறைந்துவிட்டதென்று முருங்கைக்கீரையாக வதக்கிப் போட்டாள். அந்த வாரம் முழுவதும் கீரை.

அதற்கடுத்த புதன்கிழமை அவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசல்ல பையைச் சோதிச்சாங்க," என்றார்.

"சோதிச்சா என்ன?" என்றாள் அம்மா.

"அந்தப் புஸ்தகம் இருந்திச்சு."

"எரிச்சிருவேன்னு கொண்டு போனியளே. பத்து நாளாச்சே."

"உலை பழுது."

அம்மா நம்பினாள். உலையே பழுதாகிக் கிடக்கும் அலுவலகத்தில் நாட்டை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று வரிசை முழுவதும் கவலையோடு கேட்டுக்கொண்டு வந்தாள்.

நடந்தது இது. அலுவலகத்துக்குள் போகிறவர்களை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. வெளியே வருகிறவர்களின் பையைத்தான் அவ்வப்போது திறந்து பார்ப்பார்கள். வரைபடம் உள்ள எதுவும் எழுத்துமூல இசைவின்றி வாயிலைத் தாண்டக் கூடாது. அன்று காவலர் அப்பாவின் பையிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே கோட்டைகளும் கணவாய்களும் சிவப்பு நீலக் கோடுகளும், தமக்குத் தெரியாத மொழியில் குறிப்புகளும். பாதுகாப்பு அலுவலரிடம் கொண்டுபோனார். அவர் வேலூர்ப் பக்கத்தவர், படையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் நிலைமை மேலும் மோசமாயிற்று. 'இங்கே காவல் குறைவு, இருட்டில் கடக்கலாம்' என்பதை அவர் உரக்கப் படித்தாராம்.

"'யாரு எழுத்து'ன்னு கேட்டாரு. எம் பொண்ணுன்னேன். 'பத்து வயசுப் பொண்ணு இதையா எழுதும்'ங்காரு," என்று சொன்ன அப்பா என் பக்கம் திரும்பினார். "காவல் குறைவாம்லா. ஏட்டி, வேற சொல்லே உனக்குக் கிடைக்கலியா?"

எனக்கோ ஒரே ஒரு செய்திதான் காதில் விழுந்தது. காட்டான் எரியவில்லை. உயிரோடு, அலுவலகத்து அலமாரி ஒன்றில், காவலில் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை என்னை வாயில் அலுவலகத்துக்கு அழைத்து வரச் சொன்னார்கள், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அம்மா எனக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி, திருநீறு பூசி, பத்து முறை சாமி படத்தைப் பார்க்க வைத்து அனுப்பினாள். எனக்குச் சிறை பற்றிய அச்சம் ஓரளவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பற்றிய அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்னும் இரண்டே நாள்.

பாதுகாப்பு அலுவலருக்கு மீசை காதுவரை. மேசைமேல் காட்டான் கிடந்தான். புதிய பழுப்புத்தாளில், மூலைகள் அளந்து மடித்த உறையோடு. பாதுகாப்புத் துறையில் புத்தகத்தை எவ்வளவு அருமையாகப் பேணுகிறார்கள் என்று அன்று வியந்தேன். அவ்வளவு நேராக மூலை மடிக்கக் கூடியவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார், அவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்க நெடுநாளாயிற்று.

"வாம்மா. நீதானா அந்தத் தளபதி?" என்றார் அலுவலர். "இந்தத் தாள்ல எழுது. இங்கே நூறு வீரர்."

எழுதினேன். பூதக்கண்ணாடியை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"றகரம் ஒண்ணுபோலத்தான் கீது. ஆனா கணக்கு தப்பு. புத்தகத்துல நூத்தி இருபது பேரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நீங்க படிச்சீங்களா, சார்?"

"படிக்காம எப்படிக் கருத்து எழுதறது? வரி விடாம பார்த்து, நாட்டுக்கு ஆபத்து இல்லன்னு நான் கையெழுத்துப் போடணும். ரெண்டு தரம் படிச்சேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப புஸ்தகத்தைக் குடுத்திருவீங்களா?"

"அது என் கையில இல்ல, பாப்பா. மேலிடத்துக்கு எழுதிருக்கேன். பதில் வர ஆறு மாசம் ஆவும்."

நான் அழுதேனா என்பது நினைவில்லை. முகம் எப்படியோ போயிருக்க வேண்டும். அலுவலர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "புத்தகந்தான் வெளிய போவக் கூடாது. கதைக்குத் தடை இல்ல. சொல்லட்டுமா, சார்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"சொல்லுங்க. எனக்கென்ன. நான் அதைத் திறந்தே பாத்ததில்ல," என்றார் அப்பா.

நண்பர்களே, கதை சொல்வோர் பலரை நான் கேட்டிருக்கிறேன். அந்த மீசைக்காரருக்கு இணையான ஒருவரைக் கேட்டதில்லை. மைக்கூடு கோபுரமாயிற்று. குண்டூசிப் பெட்டி மந்திரவாதி. முத்திரைக் கட்டை காட்டான். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காவல். காட்டான் எந்தப் பக்கத்திலிருந்து தாக்கினான், எந்த இடத்தில் தவறு செய்தான், தாமாக இருந்தால் எப்படித் தாக்கியிருப்பார் என்று ஒவ்வொன்றையும் விளக்கினார். ஆறாம் மாடியில் எழுந்தே நின்றுவிட்டார். ஏழாம் மாடியில் குண்டூசிப் பெட்டி கவிழ்ந்து ஊசிகள் மேசையெங்கும் சிதறின.

"மந்திரவாதி காலி. பிறவு அவன் வெளிய வந்தான், பனிமலைக்குப் போயிட்டான். அவ்ளோதான்," என்று ஊசிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இருமினார்.

பேருந்திலிருந்து இறங்கியதும் நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். தோழி இல்லை. விடைபெறுவதற்காகப் பழைய நகரத்து உறவினர் வீடுகளுக்குப் போனவர்கள் ஞாயிறு பிற்பகலில்தான் திரும்பினார்கள். அதற்குள் சாமான் லாரி வந்து நின்றது.

ஆகவே கதையின் முடிவை லாரியின் பக்கத்தில்தான் சொல்ல நேர்ந்தது. தோழி சுருட்டிய படுக்கைமேல் ஏறி உட்கார்ந்தாள். இரட்டையர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே அவளுடைய தந்தையும் என் அப்பாவும் கட்டிலைக் கயிற்றால் வரிந்துகொண்டிருந்தார்கள். அம்மா பயணத்துக்கு எலுமிச்சைச் சோறு கட்டித் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். நான் தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன்; தோழி முகத்தில் நிறைவு தெரிந்தது. லாரி ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டு அருகில் வந்தார். ஒன்றாம் மாடி, மூன்றாம் மாடி, ஆறாம் மாடி. மந்திரவாதி விழுந்தான்.

"பிறவு காட்டான் வெளிய வந்து, பனிமலைக்குப் போயிட்டான்," என்று முடித்தேன்.

"எப்படி வெளிய வந்தான்?" என்றாள் தோழி.

"கதவு வழியாத்தான்," என்றேன்.

"கதவு எண்ணும்லா. அவனுக்கு நிழல் இல்லியே."

"மந்திரவாதி செத்ததும் நிழல் திரும்பிருக்கும்," என்றான் இரட்டையரில் மூத்தவன்.

"நக்கோ. குடுத்தா குடுத்ததுதான், செத்தாலும் வராதுன்னு இவதான் சொன்னா." அவள் என்னைப் பார்த்தாள். "கடைசி அத்தியாயம் வேற எங்கயோ கிடக்கு. உனக்குத் தெரியல."

உண்மை. அலுவலர் எதையோ தாண்டிப் போயிருக்கிறார்; அதை நான் கவனிக்கவேயில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய தாய் குரல் கொடுத்தார். ரயிலுக்கு நேரமாகிறது. இட்டுக் கட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் படுக்கையிலிருந்து இறங்கவுமில்லை, என்னை வையவுமில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஒரு பொண்ணு இருந்தா," என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்பா. கயிற்றின் முனையைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் நின்றார்.

"மந்திரவாதி மக. கோபுரத்துக்குள்ளயே பிறந்தவ. வெளியேருந்து நுழையுதவங்ககிட்டதான் அவன் நிழலை வாங்குவான். இவ நுழையவே இல்லியே. அதனால இவளுக்கு நிழல் உண்டு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தோழிக்கு மட்டும் வியப்பதற்கு நேரமில்லை.

"சரி மாமா. அவளுக்கு ரெண்டு காலு, ஒரு நிழல். காட்டானுக்கு ரெண்டு காலு, நிழல் இல்ல. மொத்தம் நாலு காலுக்கு ஒரு நிழல். கணக்கு ஒக்காதே."

"ரெண்டு பேரும் சேந்து வந்தாங்க."

"எப்படிச் சேந்து?"

"பக்கத்துல... பக்கத்துல."

"அப்பவும் நாலு காலுதான், மாமா."

அப்பா என் அம்மாவைப் பார்த்தார். தோழியின் தந்தையைப் பார்த்தார். அவர் தாடியைத் தடவி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். கோபுரக் கதவைவிடக் கடுமையான ஒன்றின் முன் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"தூக்கிக்கிட்டான்," என்றார்.

"யாரு, யாரை?"

"காட்டான். அவளை. ரெண்டு கையிலயும். தரையில ரெண்டு காலுதான்."

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "எரிக்கக் கொண்டு போன புஸ்தகத்துல இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

"எரிக்கப் போறது என்னன்னு பாக்க வேண்டாமா?"

"எத்தனாம் பக்கம் வரைக்கும் பாத்திய?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"மொத்தமே எத்தனை பக்கம்?"

அம்மா என்னைத்தான் கேட்டாள். "முந்நூத்திப் பன்னெண்டு," என்றேன்.

முதலில் சிரித்தவர் லாரி ஓட்டுநர். பிறகு தோழியின் தந்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அம்மா சிரிக்கக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள், தோள்கள் காட்டிக்கொடுத்தன. அந்த வாரத்து முருங்கைக்கீரை அனைத்தும் அவளுக்கு அக்கணமே விளங்கியிருக்க வேண்டும்.

தோழி சிரிக்கவில்லை. "தூக்கினா அவ நிழல் தனியா மேல விழும்லா. கதவு எண்ணாதா?" என்று கேட்டாள்.

அப்பா லாரியிலிருந்து இறங்கினார். கையிலிருந்த சணல் தும்புகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்ன செய்யப் போகிறார் என்று நான் அறியுமுன் என்னைத் தூக்கிவிட்டார். எனக்கு ஐந்து வயதான பிறகு அவர் என்னைத் தூக்கியதில்லை. வளர்ந்த பெண், கனத்தேன். கழுத்தில் வியர்வையும் சவரச் சவர்க்காரமும் கலந்து மணத்தன. சாய்வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி நாலடி நடந்து, வரிசைக்கு நடுவே வெறும் சிமெண்டுத் தரையில் போய் நின்றார்.

"எண்ணு," என்றார்.

தோழி படுக்கையிலிருந்து குதித்தாள். எங்களைச் சுற்றி ஒருமுறை வந்தாள். குனிந்து அப்பாவின் கால்களை விரல் நீட்டி எண்ணினாள். பிறகு, எதிர்வீட்டுச் சுவர்வரை நீண்டு கிடந்த நிழலின் ஓரமாகவே நடந்து போய், அது எங்கேயாவது இரண்டாகப் பிரிகிறதா என்று தேடினாள். விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்து கடந்தது. அது போகும்வரை அப்பா என்னை இறக்கவில்லை. வரிசை முழுவதும் காத்திருந்தது.

"ஹவ்," என்றாள் தோழி, சுவரோரத்திலிருந்து திரும்பி. "இப்ப திறக்கும்."